மாட்டுக் கொட்டகையில் நிற்கும் அப்பாவின் சேத்தக்

கரூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அடையாளம் தெரியும் விவரங்களை விட்டுவிட்டு விஷயத்தைச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பா பள்ளி ஆசிரியர். முன்பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து, 1978-இல் ஒரு பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர் வாங்கினார். அதில்தான் பள்ளிக்குப் போனார், அதில்தான் மூன்று பிள்ளைகளையும் வைத்து அழைத்துப் போனார். முழங்கால் வலி வந்தபின் 2006-இல் வண்டியை மாட்டுக் கொட்டகையில் நிறுத்தினார். ஆர்.சி. (பதிவுச் சான்று) 2008-உடன் முடிந்துவிட்டது. 2019-இல் அப்பா காலமானார். ஆர்.சி. புத்தகத்தைக் கரையான் அரித்துவிட்டது. ஒரு நகல் மட்டும் இருக்கிறது.

இப்போது வண்டியின் கால் வைக்கும் தகட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. எஞ்சின் ஜாம். டயர் மண்ணோடு ஒட்டிக்கிடக்கிறது. பழைய இரும்புக்காரர் 5,000 ரூபாய்க்குக் கேட்கிறார். ஒரு பட்டறைக்காரர் 70,000 ரூபாயில் புதிது போல ஆக்கித் தருவதாகவும், 25,000 முன்பணம் வேண்டும் என்றும் சொல்கிறார். கோவையில் இருக்கும் அண்ணன், பழைய வண்டி சேர்ப்பவர்களிடம் நல்ல விலைக்கு விற்கலாம் என்கிறார். தங்கை திருமணமாகித் தஞ்சாவூரில் இருக்கிறார், அவரிடம் கேட்கவில்லை. அம்மா, "அது அங்கேயே இருக்கட்டும்" என்கிறார். நம் வாசகருக்கு ஆசை வேறு: அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக வேண்டும்.

அவர் கேட்பவை இவை. என் வீட்டில், என் பராமரிப்பில் இருப்பதால் வண்டி எனக்குத்தானே சொந்தம்? இவ்வளவு பழைய வண்டி வின்டேஜ் கணக்கில் வந்துவிடும், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் தேவையில்லை என்கிறார்களே, சரியா? அல்லது 15 வருடம் தாண்டியதால் ஓட்டவே கூடாதா? இந்தச் செலவு தகுமா?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நான் மூன்று முறை படித்தேன். நீங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. "பாடி ரொம்பப் போயிருந்தால் என்னிடம் வேறு பாடி இருக்கிறது, அதில் உங்கள் நம்பரை அடித்துத் தருகிறேன் என்று பட்டறைக்காரர் சொன்னார்" என்று எழுதியிருக்கிறீர்கள். மற்றதெல்லாம் நிதானமாகப் பேசலாம். இதை முதலில் பேசிவிட வேண்டும்.

அந்த எண்ணைத் தொடவிடாதீர்கள்

லாம்பிரெட்டா, விஜய் சூப்பர் போன்ற ஸ்கூட்டர்களில் உள்ளே இரும்புக் குழாயால் ஆன சட்டம் தனியாக இருக்கும். வெளித் தகடுகளை அதன்மேல் பொருத்தியிருப்பார்கள். தகடு துருப்பிடித்தால் கழற்றி வேறு தகடு மாட்டலாம். சேசிஸ் எனப்படும் அந்தச் சட்டமும் அதில் பொறித்த சேசிஸ் எண்ணும் அப்படியே இருக்கும். சேத்தக் அப்படிப்பட்ட வண்டி இல்லை. வெஸ்பாவின் வழியில் வந்த அதில் தனிச் சட்டம் என்று ஒன்று கிடையாது. அச்சில் அழுத்தி வடிவம் கொடுத்த தகட்டு உடலே சேசிஸ். உடலை மாற்றினால் சேசிஸை மாற்றினீர்கள் என்று அர்த்தம். அதாவது உங்கள் அப்பாவின் வண்டி போய்விட்டது; வேறு யாருடையதோ வந்து நிற்கிறது.

அந்த வேறு பாடி எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. திருட்டு வண்டியின் உடலாக இருக்கலாம், விபத்து வழக்கில் சிக்கியதாகவும் இருக்கலாம். அதிலிருந்த எண்ணைத் தேய்த்துவிட்டு உங்கள் எண்ணை அடித்தால், நாளை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்கும்போது எழுத்தின் அச்சும் ஆழமும் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு அது பழுதுபார்த்த விஷயமாக இருக்காது. போலி செய்தது, திருட்டுப் பொருளை வைத்திருந்தது என்று போலீஸ் வழக்காக மாறும். பட்டறைக்காரர் "அவர்தான் கேட்டார்" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வார். வண்டி உங்கள் வீட்டில் இருக்கும்.

உங்கள் வண்டியில் உள்ள எண்ணே துருவில் மங்கியிருந்தால், அதை ஆர்.டி.ஓ.விடம் எழுத்தில் தெரிவித்து, அவர்கள் சொல்லும் வழியில்தான் போக வேண்டும். எந்தப் பட்டறைக்கும் தானாக எண் அடிக்கும் அதிகாரம் இல்லை. எஞ்சினுக்கும் இதே கவனம் தேவை. எஞ்சின் எண்ணும் ஆர்.சி.யில் இருக்கிறது. வேறு எஞ்சின் மாட்டுவதானால் அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் பதிய வேண்டும். முடிந்தவரை உள்ள எஞ்சினையே பிரித்துச் சரிசெய்யுங்கள்.

வண்டி யாருடையது?

வருத்தப்படாதீர்கள், வண்டி உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. உங்கள் வீட்டில் நிற்பதாலோ, நீங்கள் அம்மாவைப் பார்த்துக்கொள்வதாலோ அது உங்களுடையது ஆகாது. அப்பா உயில் எழுதவில்லை என்கிறீர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி மனைவி, மகன்கள், மகள் எல்லோரும் முதல் வகை வாரிசுகள். அப்பாவின் தாயார் அப்போது உயிரோடு இல்லை என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். எனவே அம்மா, அண்ணன், நீங்கள், தங்கை என்று நான்கு பேர். ஆளுக்குக் கால் பங்கு. (கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்குப் பங்குக் கணக்கு வேறு. இதைப் படிக்கும் மற்றவர்கள் இதையே தங்களுக்கும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

தங்கையிடம் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். திருமணமாகிப் போனவர் என்பதால் கேட்க வேண்டியதில்லை என்று நினைத்திருந்தால் அது தவறு. ஐந்தாயிரம் பெறும் இரும்பாக இருந்தாலும் அதில் அவருக்கும் கால் பங்கு உண்டு. சட்டத்தை விடுங்கள். அந்த வண்டியின் முன்பக்கம் நின்றுகொண்டு பள்ளிக்குப் போனது தங்கைதான் என்று உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் கேட்காமல் விற்றாலோ மாற்றினாலோ, வழக்கு வராவிட்டாலும் மனக்கசப்பு நிச்சயம் வரும்.

உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் சொல்லி, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் அதைத் தாண்டிப் பல வருடம் ஆகிவிட்டது. தாமதத்துக்கான தொகை கட்ட வேண்டியிருக்கும், ஆனால் கதவு மூடிவிடவில்லை. அப்பாவின் இறப்புச் சான்று, தாசில்தாரிடம் வாங்கும் வாரிசுச் சான்றிதழ், மற்ற மூவரும் "இவர் பெயருக்கு மாற்ற எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று எழுதி நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழி, இவற்றோடு போங்கள். வாரிசுச் சான்றிதழ் இருந்தாலே போதும் என்று நினைக்காதீர்கள். யார் யார் வாரிசு என்று மட்டும்தான் அது சொல்லும். யாருக்கு வண்டி என்று சொல்லாது. அதற்குத்தான் மற்ற மூன்று பேரின் கையெழுத்து.

கரையான் அரித்த ஆர்.சி.க்கு மாற்று வாங்கப் படிவம் 26 இருக்கிறது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். "தொலைந்துவிட்டது என்று ஆன்லைனில் போலீஸுக்கு ஒரு புகார் போட்டுவிடுங்கள், சீக்கிரம் முடியும்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். உங்கள் ஆர்.சி. தொலையவில்லை, அரிபட்டிருக்கிறது. அந்தப் படிவத்திலேயே கிழிந்தது, சிதைந்தது என்பதற்கும் இடமுண்டு. மிஞ்சிய துண்டுகளை ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். உண்மையாலேயே காரியம் நடக்கும் இடத்தில் பொய் எழுதித் தர வேண்டியதில்லை.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் வரும். உங்களுடையது மூன்று ஆங்கில எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட பழைய எண். அதன் விவரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெரிய பதிவேட்டில்தான் இருக்கும், கணினியில் ஏறாமல் இருக்கலாம். அதை முதலில் ஏற்ற வேண்டும். அலுவலகத்தில் பேக்லாக் என்ட்ரி என்பார்கள். கையிலுள்ள நகலைக் காட்டிக் கேளுங்கள். பதில் சரியாக வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள். அந்த எண்ணின் பதிவு உயிரோடு இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா, கடைசியாக எது வரை புதுப்பித்திருக்கிறது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பட்டறைக்கு ஒரு ரூபாய் கொடுப்பதற்கு முன் இந்தப் பதில் உங்கள் கையில் இருக்க வேண்டும். பதிவு ரத்தாகியிருந்தால் உங்கள் முடிவே வேறாகிவிடும்.

வின்டேஜ் என்றால் என்ன, எது இல்லை

பழைய வண்டியை எல்லாம் பேச்சில் வின்டேஜ் என்கிறோம். சட்டத்தில் அதற்கு அளவு இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இதைச் சேர்த்தார்கள். முதல் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டு நிறைந்திருக்க வேண்டும். பழைய வடிவிலேயே இருக்க வேண்டும். சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. 1978-இல் பதிவான உங்கள் வண்டிக்கு 2028-இல்தான் அந்த வயது வரும். பட்டறைக்காரர் சொன்னபடி பாடியை மாற்றிவிட்டால் 2028-இலும் தகுதி இராது.

தகுதி வந்தாலும் அது விலக்கு இல்லை, வேறு வகைப் பதிவு. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து ஆண்டு கழித்துப் புதுப்பிக்க 5,000 ரூபாய் என்று கட்டணம் வைத்தார்கள். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் பழைய வண்டி ஊர்வலத்துக்கும் கொண்டுபோகலாம். பெட்ரோல் போடவும் பழுதுபார்க்கவும் ஓட்டலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. அம்மாவை உட்காரவைத்து வாராவாரம் கோயிலுக்குப் போவது உங்கள் ஆசை என்றால், வின்டேஜ் பதிவு உங்களுக்கு உதவாது. உங்களுக்கு வேண்டியது சாதாரணப் புதுப்பித்தல்தான்.

அது முடியுமா? முடியும். 15 வருடம் தாண்டினால் ஓட்டவே கூடாது என்ற பேச்சு டெல்லியிலிருந்து வந்தது. அங்கும் சுற்றுவட்டாரத்திலும் 10 வருடம் கடந்த டீசல் வண்டிக்கும், 15 வருடம் கடந்த பெட்ரோல் வண்டிக்கும் காற்று மாசு காரணமாகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் உச்ச நீதிமன்றமும் தடை போட்டன. அப்புறம் 2023 ஏப்ரல் 1 முதல் அரசுத் துறைகளின் 15 வருடம் முடிந்த வண்டிகளுக்குப் புதுப்பித்தல் இல்லை என்று ஒரு விதி வந்தது. இரண்டும் சேர்ந்து எல்லா வண்டிக்கும் தடை என்று பரவிவிட்டது. தமிழ்நாட்டில் தனியார் பெட்ரோல் வண்டி தகுதியாக இருந்தால் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். புகைச் சான்றுக்கும் பயப்பட வேண்டாம். 2000 மார்ச் 31-க்கு முன் தயாரான இரு சக்கர வண்டிகளுக்கு அந்தக் காலத்து அளவுகோல்தான்; கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரை இருக்கலாம். புது வண்டிகளுக்கான பி.எஸ். 6 புகை அளவை உங்கள் பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சினிடம் யாரும் கேட்க மாட்டார்கள்.

புதுப்பிக்கும் கட்டணம், தாமதித்த மாதங்களுக்கான கூடுதல் தொகை, பசுமை வரி ஆகியவை உண்டு. 2008-இலிருந்து தாமதம் என்பதால் கணிசமாக வரக்கூடும். தோராயமாக யாரோ சொல்லும் தொகையை நம்பாமல், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கணக்குப் போட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அது பட்டறைச் செலவோடு சேர வேண்டிய தொகை.

இன்சூரன்ஸ் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். மோட்டார் விபத்து வழக்குகள்தான் என் அன்றாட வேலை. சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. தாத்தாவின் பழைய ஸ்கூட்டரைச் சரிசெய்து, தெருமுனை வரை ஓட்டிப் பார்ப்போம் என்று பேரன் எடுத்திருக்கிறான். பிரேக் பிடிக்கவில்லை. பால் வாங்கிக்கொண்டு நடந்து வந்த ஒரு பெரியவரின் தொடை எலும்பு முறிந்தது. ஆர்.சி. இறந்தவர் பெயரில், இன்சூரன்ஸ் இல்லை. இழப்பீட்டை இன்சூரன்ஸ் நிறுவனம் கட்டும் என்று வாதாட என் கையில் எதுவுமே இல்லை. அந்தக் குடும்பம் நிலத்தில் ஒரு பகுதியை விற்றுத்தான் கட்டியது. அந்தப் பெரியவரும் பணம் கைக்கு வரும்வரை இரண்டு வருடம் கடன் வாங்கித்தான் வைத்தியம் பார்த்தார். 150 சி.சி.க்கு உட்பட்ட வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு வருடத்துக்குச் சில நூறு ரூபாய்தான். அது இல்லாமல் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது, சோதனை ஓட்டத்துக்கும் கூடாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஆய்வுக்குக் கொண்டுபோவதையும் குட்டி யானையில் ஏற்றித்தான் செய்ய வேண்டும்.

துரு எவ்வளவு ஆழம்?

இது மெக்கானிக்கின் துறை. ஆனாலும் பழைய வண்டி வழக்குகளில் பல பட்டறைகளுக்குப் போய், மெக்கானிக்குகளோடு உட்கார்ந்து பார்த்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். உங்கள் சந்தேகத்துக்கு அரை மணி நேரத்தில் பாதிப் பதில் கிடைக்கும்.

ஒரு சின்னச் சுத்தியல், ஒரு தட்டை ஸ்க்ரூடிரைவர், ஒரு காந்தம் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியைச் சாய்த்துவிட்டு, கால் வைக்கும் தரைத் தகட்டை அடிப்பக்கமிருந்து தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும். உளுத்தது மண்பானையில் தட்டியது போல மந்தமாகக் கேட்கும். மந்தமாகக் கேட்கும் இடத்தை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள், உள்ளே போனால் அது போன தகடு. முன்பக்கத் தகடும் தரைத் தகடும் சேரும் மடிப்பு, ஸ்டாண்டு பிடிக்கும் இடம், அடியில் ஓடும் குறுக்குப் பட்டைகள், பின்சக்கரத்துக்கு மேல்பகுதி ஆகிய இடங்களில் பொறுமையாகப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் முன்பே யாரோ பட்டி வைத்து மூடியிருக்கிறார்கள்.

தரைத் தகட்டில் மட்டும் ஓட்டை என்றால் மனம் தளர வேண்டாம். சேத்தக்குக்குத் தரைத் தகடு தனியாகவே கிடைக்கிறது. கெட்டதை வெட்டி எடுத்துவிட்டு அதே வடிவில் வெல்டிங் வைப்பது பழகிய வேலை, சேசிஸ் எண் இருக்கும் பகுதிக்கும் அதற்கும் தொடர்பில்லை. எஞ்சினைத் தாங்கும் பகுதியும் ஸ்டியரிங் தண்டு நுழையும் கழுத்துப் பகுதியும் உளுத்திருந்தால் கதை வேறு. அவை ஓட்டத்தில் விட்டுப்போனால் உயிருக்கே ஆபத்து. அப்படியென்றால் இந்த வண்டியில் அம்மாவை ஏற்ற வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

எஞ்சின் ஜாம் என்பது பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் தகட்டை விட அது சின்ன விஷயம். யாரும் பலத்தோடு கிக்கரை மிதிக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் கொஞ்சம் டீசல் ஊற்றி நாலைந்து நாள் ஊறவிட்டால் பல எஞ்சின்கள் விட்டுக்கொடுக்கும். கிடைக்கவே வழியில்லை என்று நிற்கும் உதிரிபாகம் சேத்தக்குக்குக் குறைவு, அவ்வளவு வண்டி ஓடிய நாடு இது. பிஸ்டன், கிளட்ச் பிளேட், கேபிள், ஆயில் சீல் எல்லாம் இன்னும் கிடைக்கின்றன. ஆனால் இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1978-இன் ரப்பர் அதற்காகச் செய்ததில்லை. பெட்ரோல் குழாய், கார்புரேட்டர் ரப்பர்கள், ஆயில் சீல் ஆகியவற்றை எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்துவதானால் டேங்கை வடித்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்கின் உள்ளே துரு அப்படித்தான் பிடிக்கிறது.

பட்டறையோடு என்ன பேசுவது

எழுபதாயிரம் தகுமா என்று கேட்டீர்கள். விற்று லாபம் பார்க்க என்றால் தகாது. இப்படிப்பட்ட வண்டிக்குச் செலவழித்த பணம் விற்பனை விலையில் திரும்பி வருவது அபூர்வம். அம்மாவோடு கோயிலுக்குப் போக என்றால், அந்தக் கணக்கை நீங்கள்தான் போட வேண்டும். ஆனால் வீட்டுக் கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் இதற்காகக் கடன் வாங்க வேண்டாம் என்று மட்டும் சொல்கிறேன்.

இன்னொரு வழியும் இருக்கிறது, அதைப் பட்டறைக்காரர் சொல்ல மாட்டார். வண்டியைப் புதிது போல ஆக்க வேண்டிய அவசியமில்லை. தரைத் தகட்டை மாற்றி, பரவும் துருவைச் சுரண்டி நிறுத்தி, எஞ்சின், பிரேக், டயர், கேபிள் ஆகியவற்றைச் சரிசெய்து, பழைய பெயின்டைத் தொடாமல் விடலாம். செலவு கணிசமாகக் குறையும். முழுக்கச் சுரண்டிப் பளபளவென்று நீல நிறம் அடித்துவிட்டால், முன் மட்கார்டில் அப்பா கையால் எழுதவைத்த அந்த எண் எழுத்துகள் போய்விடும். பிரேக்கை மிதித்து மிதித்துத் தேய்ந்த வலது பக்கத் தடமும், தரைத் தகட்டோடு போகத்தான் போகிறது. அதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இருப்பதைக் காப்பாற்றுவது என் கண்ணுக்குப் புதுப் பெயின்டை விட மேல். பழைய வண்டிப் பிரியர்களில் பலரும் இப்போது அப்படித்தான் நினைக்கிறார்கள்.

எந்த வழியில் போனாலும் 25,000 ரூபாயை வாய்ப்பேச்சில் கொடுக்காதீர்கள். ஒரு தாளில் என்னென்ன வேலை, எந்தெந்தப் பாகம் புதிது, எது பழையதே, மொத்தத் தொகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். வண்டியின் எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டும் அந்தத் தாளில் இருக்கட்டும். "எண்களில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது" என்ற வரியும் இருக்கட்டும். பணத்தை வேலை முடிய முடிய நான்கு தவணையாக, வங்கிக் கணக்கு வழியாகக் கொடுங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். தகடு வெட்டுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுங்கள், 2028-க்குப் பிறகு வின்டேஜ் பதிவு கேட்க மனம் வந்தால் அதுதான் உங்கள் சாட்சி.

ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை, உங்கள் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மறுபக்கமும் தெரிந்துகொள்ளுங்கள். செய்த வேலைக்குக் கூலி பாக்கி இருந்தால் வண்டியைப் பிடித்துவைக்கப் பட்டறைக்காரருக்கு ஒப்பந்தச் சட்டம் உரிமை தருகிறது. தாளில் எழுதாத வேலைக்குத்தான் பெரும்பாலும் சண்டை வருகிறது.

விற்பதானால்

அண்ணன் சொல்வது போல விற்கவும் செய்யலாம். நால்வரும் கையெழுத்திட்டு, ஒருவர் பெயருக்கு மாற்றி, பிறகு முறையாக வாங்குபவர் பெயருக்கு மாற்ற வேண்டும். இரும்புக்காரரிடம் ஆர்.சி. உயிரோடு இருக்கும் வண்டியை அப்படியே தூக்கிக் கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள். உங்கள் சேசிஸ் எண் உள்ள தகட்டை வெட்டி எடுத்து இன்னொரு வண்டியில் ஒட்டினால், அப்பாவின் பெயரில் ஒரு வண்டி எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். உடைப்பதுதான் முடிவு என்றால் அரசு பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் கொடுத்து, சான்று வாங்கி, ஆர்.டி.ஓ. பதிவை ரத்து செய்துவிடுங்கள்.

அம்மாவைப் பற்றிக் கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். "அங்கேயே இருக்கட்டும்" என்பதை மறுப்பாக நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வண்டி பட்டறைக்குப் போனால் திரும்பி வராது என்ற பயமாகவும் அது இருக்கலாம். முன்பெட்டியில் எண்ணெய் அளக்கும் அலுமினியக் குவளை இன்னும் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி என்று அப்பா அளந்து ஊற்றுவாரே, அதைக் கழுவி அம்மா கையில் கொடுத்துவிட்டு, என்ன செய்யலாம் என்று நிதானமாகக் கேளுங்கள். கால் பங்கு அவருடையது. அவர் வேண்டாம் என்றே சொன்னால், துரு மேலும் பரவாமல் கொட்டகையில் ஒரு மேடை கட்டி வண்டியை ஏற்றி நிறுத்துவதும் ஒரு முடிவுதான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வேறு எதுவும் செய்ய வேண்டாம். வலது பக்க எஞ்சின் மூடியைக் கழற்றுங்கள். அந்தப் பக்கத்து உடல் தகட்டில்தான் பொதுவாகச் சேசிஸ் எண் இருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த மெல்லிய துணியால் மெதுவாகத் துடையுங்கள். உப்புத்தாளோ கம்பித் தூரிகையோ படக் கூடாது, எழுத்தைத் தேய்த்தது போல ஆகிவிடும். காய்ந்ததும் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தடவி எண்ணை எடுங்கள். எஞ்சின் எண்ணையும் அதேபோல எடுத்து, ஆர்.சி. நகலோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகலாம். பொருந்தாவிட்டால், பட்டறைக்காரரிடமோ அண்ணனிடமோ பேசுவதற்கு முன் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.